பன்னிரண்டரை மணி நேர இரவு

கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் மேட்டுப் பகுதியில் அக்டோபர் இரண்டாம் வாரத்தில் மாலை ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. மறுநாள் காலை ஏழு மணியைத் தாண்டித்தான் எழுகிறது. எத்தனை கிலோமீட்டர் நடக்க வேண்டும், எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்று ஒரு வாரமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நான், இடையில் கிடக்கும் அந்தப் பன்னிரண்டரை மணி நேரத்தை மட்டும் கணக்கில் எடுக்கவே இல்லை. ஏரிக்குப் போய்ச் சேர ஐந்தரை கிலோமீட்டர், ஏற்றம் முந்நூறு மீட்டருக்குச் சற்று அதிகம். பகலில் எங்களுக்கு இருந்த வேலை அவ்வளவுதான். மீதி எல்லாம் இரவின் வேலையாக இருந்தது.

அங்கே காட்டில் இரவு தங்குவதற்கான அனுமதிச் சீட்டுகளில் ஒரு பகுதியைப் பல மாதங்களுக்கு முன்பே குலுக்கலில் கொடுத்துவிடுகிறார்கள். மீதியை, புறப்படும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகக் காலை ஏழு மணிக்குத் திறக்கிறார்கள். கோடையில் அந்த நேரத்தில் கணினி முன் காத்திருந்து பலமுறை ஏமாந்திருக்கிறேன். இந்த முறை கதீட்ரல் ஏரிக்கு இரண்டு பேருக்கான சீட்டு எளிதாகக் கிடைத்தது. என் மனைவியின் தம்பி கோயம்புத்தூரிலிருந்து வேலை மாற்றலாகி வந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. வெள்ளியங்கிரி ஏறியவன் என்பதால் நடை பற்றி எனக்குக் கவலை இல்லை. அங்கே போகும் டயோகா சாலை பெரும்பாலும் நவம்பரில் பனிக்காக மூடப்பட்டால் அடுத்த மே மாதக் கடைசிக்கு முன் திறப்பது அரிது. அதோடு அக்டோபர் 15ஆம் தேதியிலிருந்து அந்தச் சாலையோரம் இரவில் வண்டியை நிறுத்தி வைக்கவும் கூடாது. ஆகவே எங்களுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு வார இறுதிதான்.

டுவாலமி புல்வெளி பழுத்துக் கிடந்தது. கடையும் முகாம் திடலும் மூடியிருந்தன. ஜூலையில் வந்தால் முகத்தில் வலை போடாமல் நிற்க முடியாத இடத்தில் ஒரு கொசுகூட இல்லை. வழியெங்கும் பாறைமீது நின்று விசிலடிக்கும் தரை அணில்கள் வளைக்குள் நீண்ட உறக்கத்துக்குப் போய்விட்டிருந்தன. விழித்திருந்து உழைத்தவை நட்கிராக்கர் பறவைகள் மட்டுமே. சாம்பல் உடலும் கறுப்புச் சிறகும் கொண்ட இவை காக்கையின் உறவு. வெண்பட்டைப் பைன் மரத்தின் விதைகளைத் தொண்டைப் பையில் நிரப்பிக்கொண்டு போய் ஆயிரக்கணக்கான இடங்களில் புதைத்து வைக்கின்றன. பனிக்கு அடியில் அவற்றைத் தேடி எடுக்கும்போது தவறிப்போகும் விதைகளே பிறகு மரமாகின்றன.

மூன்று மணிக்கு, இரண்டு கதீட்ரல் ஏரிகளில் கீழே உள்ளதை அடைந்தோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,830 மீட்டர். கிழக்கே, 1869இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் தனியாக ஏறிய கதீட்ரல் சிகரம். மாலை வெயிலில் அது சிவந்து நீரில் தலைகீழாகத் தெரிவதைக் கூடாரத்தில் இருந்தபடியே பார்க்க வேண்டும் என்ற ஆசையில், ஏரியை ஒட்டிய புல்வெளியின் விளிம்பில், விதிப்படி நீரிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி, தாழ்வான ஓர் இடத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். “மேலே அந்தப் பாறைகிட்டப் போயிடலாமா அத்தான்?” என்று அவன் கேட்டான். அவன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டியவன் நான். காற்றில்லாத இரவில் குளிர்ந்த காற்று கனத்து, நீர்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும்; முப்பது மீட்டர் உயரே மரங்களுக்கு இடையே படுத்திருந்தாலே சில டிகிரிகள் மிச்சமாகியிருக்கும்.

இரவு உணவுக்கு அவல் கொண்டுபோயிருந்தோம். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அரிசியும் பருப்பும் வேகாமல் எரிவாயுவைத் தின்றுகொண்டே இருக்கும். கெட்டி அவலுக்கு அந்தக் கவலை இல்லை. வெந்நீர், புளிக்காய்ச்சல், வறுத்த நிலக்கடலை, வேலை முடிந்தது. மிச்சத்தையும் பற்பசையையும் கரடியால் திறக்க முடியாத உருளை டப்பாவில் அடைத்துக் கூடாரத்திலிருந்து தள்ளி வைத்தோம். பனிக்கால உறக்கத்துக்கு முன் கரடி ஒரே நாளில் 20,000 கலோரி வரை தின்னும் மாதம் இது. ஆனால் கரடி வரவில்லை.

ஏழரைக்குள் உறக்கப் பைக்குள் புகுந்தோம். வெந்நீர் நிரப்பிய புட்டியைக் காலடியில் வைத்தேன்; இன்னொரு புட்டியைத் தலைகீழாக நிறுத்தினேன், உறைவது மேலிருந்து தொடங்கும் என்பதால் மூடி மாட்டிக்கொள்ளாது. பத்து மணிக்கு விழிப்பு வந்தது. விடியப் போகிறது என்று நம்பிக் கைப்பேசியைப் பார்த்து நொந்துபோனேன். வெளியே வந்தபோது கார்த்திகை மீன்கூட்டம் சிகரத்துக்கு மேலே தெளிவாக நின்றது. நம் திணை மரபு மலை நிலமான குறிஞ்சிக்கு, ஐப்பசியில் தொடங்கும் கூதிரையும் நள்ளிரவான யாமத்தையும் உரியவையாக வைத்திருக்கிறது. ஐப்பசி பிறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது என்றாலும், மலையின் பொழுது நள்ளிரவுதான் என்று வகுத்தவர் எவரோ அவர் மலையில் படுத்துப் பார்த்தவர் என்று அப்போது தோன்றியது. மூன்றாவது முறை எழுந்தபோது ஐந்தரை. திருவாதிரை தெற்கே உயரத்தில் இருந்தது, வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே ஏழு டிகிரி காட்டியது. எங்கள் மூச்சு கூடாரத்தின் உட்சுவரில் உறைந்து, தலை பட்டால் பொடியாக உதிர்ந்தது.

காலையில்தான் உண்மையான சங்கடம். தண்ணீர் வடிகட்டி கூடாரத்தின் வெளிப்பையிலேயே தங்கிவிட்டிருந்தது. அதற்குள் இருப்பவை நுண்துளைகள் கொண்ட மெல்லிய குழாய் இழைகள். ஈரத்தோடு உறைந்தால் கண்ணுக்குத் தெரியாமல் வெடித்துவிடும், பிறகு கிருமி தாராளமாக உள்ளே வரும். பார்வைக்கு அது புத்தம் புதியதுபோல இருந்தது. அவன் முகம் வாடிவிட்டது. உறங்குமுன் சரிபார்க்க வேண்டியவன் நான் என்பதால் எதுவும் சொல்லவில்லை. இனிக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், அந்த உயரத்தில் மூன்று நிமிடம். அடுப்பைப் பற்றவைத்தால் சுடர் எலுமிச்சை விதை அளவுக்கு நின்றது. கோடையிலிருந்து மிச்சமிருந்த பாதி எரிவாயுக் குப்பியைச் சிக்கனமாக எடுத்துவந்ததன் பலன். கலவையில் எளிதில் ஆவியாகும் புரொபேன் முதலில் தீர்ந்துவிடுகிறது. மிஞ்சும் பியூட்டேன் பூஜ்யத்துக்குக் கீழே போனால் திரவமாகவே உட்கார்ந்துகொள்கிறது. குப்பியைக் கால் மணி நேரம் சட்டைக்குள் அணைத்து வைத்திருந்து, அரைப் பானை நீரை ஒருவழியாகக் கொதிக்க வைத்துச் சுக்குக் காப்பி போட்டோம்.

வெயிலுக்காகக் காத்திருந்தோம். மேலே மரங்களில் ஏழரைக்கே வெளிச்சம் விழுந்துவிட்டது. மாலையில் அத்தனை அழகாகச் சிவந்த அதே சிகரம்தான் இப்போது கிழக்கை மறைத்துக்கொண்டு நின்றது. நிழலின் விளிம்பு புல்லின்மேல் அங்குலம் அங்குலமாக எங்களை நோக்கி வந்தது. எட்டேமுக்காலுக்குக் கூடாரத்தைத் தொட்டதும் உட்சுவரின் பனி மொத்தமும் உருகி உறக்கப் பைகள்மேல் கொட்டியது. இரண்டையும் பாறைமேல் விரித்துக் காயவைத்துவிட்டு, அவன் காட்டிய இடத்துக்கு ஏறிப் போனேன். அங்கே தரையில் உறைபனியே இல்லை.