தை மாதத்தில் தவறினேன்

நேற்றுப் பெறுபேறு வந்தது. பழைய ஆவண வாசிப்புப் பரீட்சையை இரண்டாந்தரம் எழுதிச் சித்தியடைந்துவிட்டேன். அம்மா கோணேசர் கோயிலுக்குப் போய் வந்த பிறகுதான் எனக்கு மூச்சே சீராக வந்தது. அடுத்த முறை எழுதப்போகும் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன்.

போன தரம் என்னை விழுத்தியது ஒரே வரி. குடும்பக் குறிப்பேட்டில் ஒரு பெண்பிள்ளையின் பிறப்பு: ‘தாது ௵ தை ௴’ (௵ வருஷம், ௴ மாதம்). தாது என்றால் 1876 என்று மனப்பாடம். 1876 சனவரி என்று எழுதிவிட்டேன். தாது வருஷம் 1876 சித்திரையில்தான் தொடங்குகிறது, அதன் தை வருவது 1877இல். பிள்ளைக்கு ஒரு வயது கூடிப்போய், அதை வைத்துக் கேட்ட கேள்விகள் எல்லாம் பிழைத்தன. தை, மாசி, பங்குனி, மார்கழியின் பின்பகுதி: இவற்றைக் கண்டால் ஆங்கில ஆண்டில் ஒன்றைக் கூட்டுங்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்புவதால் தாது 1816இலும் 1936இலும் கூட வரும். எது என்று பேரன் பேத்தி பெயர்களை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எனக்குப் பொறுமை குறைவு, பட்டியல் போட்டுப் படிக்க வராது. தம்பலகாமத்தில் அம்மம்மாவின் தகரப்பெட்டியில் இருந்த பழைய காணி உறுதிகளையும் சாதகக் குறிப்புகளையும் யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அதே கையெழுத்தைப் பார்த்து எழுதிப் பழகினேன். மூன்றாம் நாள் எழுதியவரின் கை எனக்குப் பழகிவிட்டது. முதலில் பார்த்து எழுதுங்கள், வாசிப்பு தானாக வரும்.

கண்ணை ஏமாற்றியவை:

- ௮௱௭௰௬. முதல் பார்வைக்கு ‘அளஎயசு’. உண்மையில் தமிழ் எண்ணில் 876, முன்னால் ௲ (ஆயிரம்) இருந்தால் 1876.
- பக்கத்தின் தலையில் தனியே நிற்கும் உ பிள்ளையார் சுழி, இரண்டு என்ற எண் இல்லை.
- ௸ என்றால் மேற்படி. ஆளின் பெயர் என்று நினைத்து வம்சத்தில் ஒருவரைக் கூட்டிவிடாதீர்கள்.
- ஏட்டில் புள்ளி இராது, காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். ‘கநதன’ கந்தன், ‘கரளி’ காளி.
- எகரம், ஏகாரம் இரண்டுக்கும் ஒரே கொம்பு.

விளங்காத சொல்லை ஊகித்து நிரப்பாமல் இடம் விட்டுப் போங்கள். அடுத்த பக்கத்தில் அதே சொல் தெளிவாக வரும். இந்தத் தரம் ‘முதுசம்’ (பரம்பரைச் சொத்து) அப்படித்தான் பிடிபட்டது.

பெட்டியில் இருந்தவற்றைப் படியெடுத்து வைத்திருக்கிறேன். திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் வருபவர்கள் வீட்டுக்கு வந்து எழுதிப் பழகலாம், சனிக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன்.