கற்பிக்கவும் கற்க வேண்டும்

நள்ளிரவில் வார்டில் ஒரு மருத்துவ மாணவருக்கு ஐயம் எழுந்தால், அவர் நாடுவது பேராசிரியரை அல்ல, அருகில் நிற்கும் முதுநிலைப் பயிற்சி மருத்துவரைத்தான். ஆனால் எப்படிக் கற்பிப்பது என்று அந்தப் பயிற்சி மருத்துவருக்குப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

நானும் பயிற்சிக் காலத்தில், மாணவர் நோயாளியின் விவரத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிட்டு, அதையே கற்பித்தல் என்று நம்பியிருந்தேன். மாணவரின் முடிவையும் அதற்கான காரணத்தையும் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு கற்பிக்கும், 1992இல் வெளியான 'ஒரு நிமிட ஆசான்' முறையைப் படித்த பிறகே அந்தப் பழக்கம் மாறியது. மூச்சுத்திணறலோடு வந்த முதியவருக்கு நிமோனியா என்றார் ஒரு மாணவர். "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். காய்ச்சல் இல்லை, கால்கள் வீங்கியிருக்கின்றன, கழுத்துச் சிரை புடைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக அடுக்கியவர், சற்றே நிறுத்தி, இதயச் செயலிழப்பாக இருக்கலாம் என்று தாமே திருத்திக்கொண்டார். அதன் பின்னர் ஒரு பொது விதியைச் சொல்வதும், சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுப் பாராட்டுவதும், தவறைத் திருத்துவதும் எளிதாயின.

ஒருநாள் பயிலரங்கு மட்டும் இதற்குப் போதாது. பயிற்சி மருத்துவர் நோயாளியைப் பரிசோதிப்பதை மூத்தவர்கள் உடனிருந்து கவனிப்பதுபோல, அவர் கற்பிப்பதையும் கவனித்து, அன்றைக்கே கருத்துச் சொல்ல வேண்டும்.