முப்பது அடிக் கிணறு

"அஞ்சு எச்.பி. மோட்டாரு எடுக்குற தண்ணிய, இத்தாம் பெரிய வண்டி எடுக்காதா தம்பி?"

பாலக்கோடு பக்கம் ஒரு வைக்கோல் போர் தீயில் பெரியவர் ஒருத்தர் கேட்டது. பதில் எனக்குத் தெரியும். அவருடைய மோட்டார் கிணற்றுக்குள் மூழ்கிக் கிடந்து தண்ணீரைக் கீழிருந்து தள்ளுகிறது. எங்கள் தீயணைப்பு வண்டியின் பம்ப் மேலே நின்று இழுக்க வேண்டும். இழுப்பதுகூட இல்லை, குழாயில் இருக்கும் காற்றை நாம் வெளியேற்றினால், வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. கடல் மட்டத்தில் கணக்குப்படி 10.3 மீட்டர். தருமபுரி மேட்டில் அதிலும் அரை மீட்டர் போல் குறையும். நடைமுறையில் 7 மீட்டர், அதாவது 23 அடியைத் தாண்டினால் நம்பக் கூடாது. அந்தக் கிணற்றில் தண்ணீர் முப்பது அடிக்குக் கீழே கிடந்தது.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. "எடுக்காதுங்க அய்யா" என்றேன். "ஒரு தடவ போட்டுத்தான் பாரேன்" என்றார்.

போட்டேன்.

அவர் மோட்டாரையே ஓட்டி எங்கள் டேங்கை நிரப்பியிருக்கலாம். ஆனால் வைக்கோல் போருக்கு மேலே மின்கம்பி போனதால் கரண்டை நிறுத்தச் சொன்னதே நாங்கள்தான். டேங்க் 4500 லிட்டர். ஒரு பிராஞ்ச், அதாவது தண்ணீர் பீய்ச்சும் குழாய்முனை, முழுசாகத் திறந்தால் பத்து நிமிடம். ஏரிக்குப் போய் நிரப்பி வர எப்படியும் அரை மணி ஆகும். முன்பக்கம் தம்பி ஒருத்தன் பிராஞ்சைப் பிடித்து, மாட்டுக் கொட்டகைக் கூரையை நனைத்துக்கொண்டிருந்தான். மாடுகளை அதற்கு முன்பே அவிழ்த்துவிட்டிருந்தார்கள், அது ஒரு நிம்மதி.

சக்‌ஷன் ஹோஸை மாட்டிக் கிணற்றில் இறக்கினோம். பிரைமிங் செய்ய, அதாவது குழாய்க் காற்றை வெளியேற்ற, டேங்க் வால்வை மூட வேண்டும்; மூடினால் பிராஞ்சில் தண்ணீர் நின்றுவிடும். மூடினேன். அப்போது டேங்கில் இன்னும் தண்ணீர் இருந்தது. மூடுகிறேன் என்று அவனுக்கு விசில் அடித்தேனா? அடித்ததாகத்தான் நினைவு. அடித்திருந்தால் அவன் பின்னால் வந்திருப்பானே என்றும் தோன்றுகிறது.

நல்ல பம்ப் அரை நிமிடத்தில் தண்ணீர் பிடித்துவிடும். வேக்குவம் முள் இறங்கி அப்படியே நின்றது. எங்கும் லீக் இல்லை, பம்ப் தன் வேலையைச் செய்துவிட்டது. தண்ணீர் பாதி வழி ஏறிக் குழாயில் தொங்கிக்கொண்டிருந்திருக்கும். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பெரியவர் முகத்தைப் பார்த்தேன், இரண்டாம் தடவையும் போட்டேன். தண்ணீரில்லாமல் ஓடிய பம்ப் சூடாகிக் கத்தியது; சீல் போய்விடுமே என்ற பயம் வந்த பிறகுதான் விட்டேன். டேங்க் வால்வைத் திரும்பத் திறப்பதற்குள் கூரையின் ஒரு மூலை பிடித்துக்கொண்டது. பிராஞ்சைப் பிடித்திருந்தவனுக்கு முன்கையில் சுட்டுவிட்டது, பெரிதாக இல்லை.

போடாமலே ஏரிக்குப் போயிருந்தால்? கொட்டகை நின்றிருக்கலாம். ஊரே சேர்ந்து "கெணத்துல தண்ணி கெடக்கு, தொடவே இல்ல" என்று பேசியும் இருக்கும். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் போட்டேனா, அந்த மனிதருக்காகப் போட்டேனா? ஒருநாள் ஒன்று தோன்றுகிறது, மறுநாள் இன்னொன்று. இன்னொரு சந்தேகமும் உண்டு. முப்பது அடி என்பது என் கண்ணளவுதான். கயிறு விட்டு அளக்கவில்லை.

"என்னண்ணே ஆச்சு, தண்ணி நின்னுபோச்சே?" என்று அவன் கையைத் தொட்டியில் முக்கிக்கொண்டே கேட்டான்.

"ஏர் லாக்குடா" என்றேன்.

குழாயில் காற்று இருந்தது உண்மைதான். தலையாட்டிவிட்டு ஹோஸைச் சுருட்டப் போனான்.