பானையில் வெட்டியிருந்த பெயர்

2025 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் கிளம்பி, நடுவில் ஓர் ஊரில் விமானம் மாறி, ஏறக்குறைய ஒரு முழு நாள் கழித்து நானும் என் ஏழு வயது மகனும் சிகாகோ ஓஹேரில் இறங்கினோம். நான்கு பெட்டி போட்டிருந்தோம். மூன்று வந்தன. பெல்ட் வெறுமனே சுற்றிச் சுற்றி, கடைசியில் நின்றுவிட்டது.

வராத பெட்டியில்தான் எங்கள் இருவருடைய குளிர்கால கோட்டும் இருந்தது. சென்னை வெயிலில் அதைச் சுமப்பானேன் என்று பெட்டிக்குள் வைத்திருந்தேன். அதற்குக் கீழே, பழைய பச்சை நூல் புடவையில் சுற்றி, பாட்டியின் வெண்கலப் பானை. அக்டோபரில் பாட்டி தவறிய பிறகு அம்மா எடுத்துக் கொடுத்தது. இந்தப் பொங்கலுக்கு அதில்தான் பொங்க வேண்டும் என்று நினைத்து எடுத்து வந்தேன். கைப்பெட்டிக்கு எடை கூடிவிடும் என்று பெரிய பெட்டிக்குள் போட்டதை எண்ணிப் பல நாள் வருத்தப்பட்டேன்.

களைப்பில் வீட்டுக்குப் போய்விட்டு நாளைக்குப் போன் பண்ணிக்கொள்ளலாம் என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே, வந்த விமான நிறுவனத்தின் பேகேஜ் கவுன்டரில் புகார் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு பி.ஐ.ஆர். என்று பெயர். கையில் ஓர் எண் தருவார்கள். இறங்கிய விமான நிலையத்தின் மூன்று எழுத்து, நிறுவனத்தின் இரண்டு எழுத்து, பிறகு ஐந்து இலக்கம். அந்த எண்ணை வைத்துத்தான் வேர்ல்டுட்ரேசர் என்ற பொதுவான தேடல் அமைப்பில் உங்கள் பெட்டியைத் தேடுகிறார்கள். சென்னையில் பெட்டி போட்டபோது போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தந்த சிறு சீட்டையும் கேட்டார்கள். அதிலுள்ள பத்து இலக்க எண்தான் பெட்டிக்கு அடையாளம். நல்லவேளை, கிழித்துப் போடாமல் வைத்திருந்தேன்.

அப்புறம் ஒரு படத்தாளை நீட்டி, "இதில் உங்கள் பெட்டி எது மாதிரி இருக்கும்?" என்றார் கவுன்டரில் இருந்த பெண். கறுப்பு, நான்கு சக்கரம், கடினமான மேற்புறம். அன்றைக்கு அந்தக் கூடத்தில் மட்டுமே அதே மாதிரி ஐம்பது பெட்டியாவது இருந்திருக்கும். உள்ளே என்ன என்ற இடத்தில் "துணிமணி, பரிசுப் பொருள்" என்று எழுதிக் கொடுத்தேன். பையன் தோளில் தூங்கி வழிந்துகொண்டிருந்தான். எப்படியாவது வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

நான்கு நாள் ஓடியது. இணையத்தில் பார்க்கும்போதெல்லாம் "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்ற ஒரே வரி. போனில் பேசியவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் திரையில் இருந்த அதே வரியைத்தான் படித்தார்கள்.

ஒன்பதாம் தேதி என் சித்தப்பா மகனைக் கூப்பிட்டேன். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவர். நான் எழுதிக் கொடுத்ததைக் கேட்டதும், "என்னம்மா இப்படி எழுதியிருக்க?" என்றார். "டேக் பெட்டியிலேயே இருந்தா இந்நேரம் வந்திருக்கும். அது கிழிஞ்சு விழுந்திருக்கணும். அப்படி டேக் இல்லாத பெட்டியத் திறந்து பார்த்து, உள்ள இருக்கறத கம்ப்யூட்டர்ல ஏத்துவாங்க. நீ எழுதினதும் அதுவும் ஒத்துப்போகணும். துணிமணின்னா எல்லார் பெட்டியிலயும்தான் இருக்கு. வேற யார் பெட்டியிலயும் இல்லாதத எழுதும்மா."

அன்றிரவே உட்கார்ந்து எழுதினேன். இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள வெண்கலப் பானை, குறுகிய வாய், உருண்ட அடி, பச்சைப் புடவையில் சுற்றியது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் பருப்புப் பொடி, மூடியில் தமிழில் எழுதி ஒட்டிய காகிதம். சிவப்பு நிறச் சிறுவர் கோட், இடது கையில் நட்சத்திரம். கிளம்பும் முன் வீட்டு வாசலில் அம்மா எடுத்த படத்தில் ஓரமாக அந்தப் பெட்டி தெரிந்தது. அதையும் சேர்த்து, புகார் எண்ணைப் போட்டு அனுப்பினேன்.

பதின்மூன்றாம் தேதி, போகிக்கு, போன் வந்தது. நாங்கள் விமானம் மாறிய ஊரில் டேக் இல்லாத ஒரு பெட்டி, உள்ளே ஓர் உலோகப் பானை. "பானையின் மேல் ஏதோ எழுத்து வெட்டியிருக்கிறது, எங்களால் படிக்க முடியவில்லை. அது என்ன?" என்றார்கள்.

நம் வீடுகளில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுவோமே! கடைக்காரர் புள்ளி புள்ளியாகத் தட்டிக் கொடுப்பார். பாட்டியின் இனிஷியலும் பெயரும் பானையின் கழுத்தில் இருந்தன. அம்மாவிடம் பழைய படம் ஒன்று கேட்டு வாங்கி, எழுத்துகளைப் பெரிதாக்கி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது, உங்களுடையதுதான் என்று. நான் அழுதுவிட்டேன்.

உணவுப் பொருள் உண்டா என்று சுங்கத்துக்காகக் கேட்டார்கள், பொடி இருப்பதைச் சொன்னேன். 16ஆம் தேதி இரவு பத்து மணிக்குக் கூரியர்காரர் கொண்டுவந்து வைத்தார். ஒரு சக்கரம் உடைந்திருந்தது. அவர் இருக்கும்போதே படம் எடுத்துக்கொண்டேன்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும், இது பலருக்குத் தெரிவதில்லை. சர்வதேசப் பயணத்துக்கு 1999ஆம் ஆண்டு மான்ட்ரீல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியாவும் அமெரிக்காவும் அதில் இருக்கின்றன. பெட்டி சேதமாகி வந்தால் ஏழு நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வராவிட்டால் தொலைந்ததாகவே கருதி இழப்பீடு கேட்கலாம். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது அப்போது சுமார் 2,000 டாலர். கேட்டவுடன் முழுத்தொகையும் கிடைக்காது, ரசீது வேண்டும். சிகாகோ ஜனவரியில் கோட் இல்லாமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடியாதே, அதனால் வாங்கிய இரண்டு கோட், பூட்ஸ், கையுறை எல்லாவற்றின் ரசீதையும் வைத்திருந்தேன். சக்கரத்துக்கும் சேர்த்து மறுநாளே அனுப்பினேன். ஆறு வாரத்தில் பெரும்பகுதி வந்துவிட்டது.

பொங்கலன்று குக்கரில்தான் வைத்தோம். பெட்டி வந்த மறுநாள் தை முதல் வெள்ளி. காலையில் பானையைப் புளி போட்டுத் தேய்த்தேன். அம்மா வீடியோவில் இருந்தார். பால் பொங்கி வழிந்தபோது மகன்தான் முதலில் கத்தினான்.