திருப்பி வைத்த மெசேஜ்

சோலாரிஸ் (சன் கம்பெனியின் யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம்) காலத்துக் கதை. அதில் ஸ்ட்ரீம்ஸ் என்று ஒரு ஏற்பாடு: ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மாட்யூல்கள் வழியே மெசேஜ்கள் கைமாறிப் போகும். அதற்கு டிரைவர் ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். மேலே இருக்கிற மாட்யூலில் இடமில்லையென்றால், எடுத்த மெசேஜை 'புட்பிக்யூ' போட்டு க்யூவின் தலையிலேயே திருப்பி வைத்துவிடலாம். இடம் கிடைத்ததும், க்யூவில் இருப்பதை எடுத்து அனுப்புகிற சர்வீஸ் ரொட்டீனை கெர்னலே (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதி) எழுப்பும். சாதா மெசேஜுக்கு இது சரி. நம்ம அதிபுத்திசாலித்தனம், ஹை பிரையாரிட்டி மெசேஜையும் அப்படியே திருப்பி வைத்தேன். அதுவோ வரிசைக்குள் கால் வைத்தாலே ரொட்டீனைத் தட்டி எழுப்புகிற ரகம். எழுப்பும், எடுப்பேன், திருப்பி வைப்பேன், மறுபடி எழுப்பும்... சிபியு ஒன்று முழுசாக அதிலேயே போச்சு.

ராத்திரி ரெண்டு மணிவரை ஹார்டுவேரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். மேனுவலில் எச்சரித்துத்தான் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் என் டீ டம்ளர் வட்டம் வேறு! ஹை பிரையாரிட்டிக்கு ஃப்ளோ கன்ட்ரோல் கிடையாது. இடமிருக்கிறதா என்று கேட்காமல் அடுத்த மாட்யூலுக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். கடைசியில் சேர்த்தது, ஹை பிரையாரிட்டியா என்று பார்க்கிற ஒரே ஒரு 'இஃப்'.