‘டெஸ்டிங்’ என்ற ஒரு வார்த்தையில் வீணான ஆறு வாரம்

இணையதளத்துக்கு வருகிறவர்களை எண்ணிக் காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-ஐத் தளத்தில் சேர்ப்பது பெரிய வேலையே இல்லை. அதில் ப்ராப்பர்ட்டி (தளத்துக்கான கணக்குப் பகுதி) திறந்து, ‘ஜி’ என்று தொடங்கும் ஐடியைத் தளத்தில் ஒட்டினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பாடுபடுத்தியதெல்லாம் அதற்குப் பிறகுதான். திரையில் தெரியும் எண்ணை நம்பலாமா என்று உறுதிசெய்ய எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

முதல் முட்டுக்கட்டை அனுமதி. தளத்தைச் செய்து கொடுத்தவர் அனலிட்டிக்ஸ் கணக்கைத் தன் சொந்த மெயிலில் திறந்து வைத்துக்கொண்டு, எங்களுக்கு வியூவர் அனுமதி மட்டும் கொடுத்திருந்தார். வியூவரால் ரிப்போர்ட்டைப் பார்க்கலாம். சில வருகைகளைக் கணக்கிலிருந்து கழிக்கும் ஃபில்டர் ஒன்றைக்கூடத் தொட முடியாது. கேட்டால், “அதான் எல்லாம் தெரியுதே, வேற என்ன வேணும்?” என்று பதில். ஃபில்டர் போட எடிட்டர் அனுமதி வேண்டும். ஆட்களைச் சேர்க்க, நீக்க அட்மினிஸ்ட்ரேட்டர் வேண்டும். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன்பே அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியை வாங்கிவிடுங்கள். அதையும் ப்ராப்பர்ட்டி அளவில் வாங்கி நிறுத்தாமல், அதற்கு மேலே இருக்கும் அக்கவுண்ட் அளவில் வாங்குங்கள்.

அவரே மாதாமாதம் அனுப்பிய ரிப்போர்ட், தளம் இருக்கும் சர்வரின் ஹோஸ்டிங் பேனலில் இருந்து எடுத்தது. அதில் ‘ஹிட்ஸ்’ என்ற எண்ணைத்தான் பெரிதாகப் போட்டிருப்பார். சர்வர் அனுப்பும் ஒவ்வொரு ஃபைலும் ஒரு ஹிட். ஒரு பக்கத்தில் 30 படம் இருந்தால், ஒருவர் அதை ஒருமுறை திறந்ததற்கே 31 ஹிட்; ஸ்டைல் ஃபைல், ஸ்கிரிப்ட் எல்லாம் அதற்கு மேல். போதாததற்கு, சர்வர் பதிவில் தேடுபொறிகளின் ரோபோக்களும் விழும். வாடிக்கையாளர் எத்தனை பேர் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இனி அந்த ஆறு வாரக் கதை. சின்னத் தளத்துக்கு நாள் ஒன்றுக்கு 40 செஷன் (ஒருவர் ஒருமுறை வந்து போவது ஒரு செஷன்) வந்தால், அதில் 15 நம் ஆட்களே திறந்ததாக இருக்கலாம். பெரிய தளத்தில் இது கரைந்துவிடும். சின்னத் தளத்தில் மொத்தக் கணக்கையும் கெடுத்துவிடும். இதை நீக்க இரண்டு இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. முதலில் அட்மினில் டேட்டா ஸ்ட்ரீம் திறந்து, டேக் செட்டிங்கில் ‘இன்டர்னல் ட்ராஃபிக்’ பகுதியில் அலுவலக இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியைக் கொடுக்க வேண்டும். அதைச் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். ஆனால் ‘டேட்டா ஃபில்டர்ஸ்’ என்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே இன்டர்னல் ட்ராஃபிக் ஃபில்டர் ஏற்கெனவே தயாராக இருக்கும், ஆனால் ‘டெஸ்டிங்’ நிலையில். அந்த நிலையில் நம் வருகைகளுக்கு ஓர் அடையாளம் மட்டும் விழும்; கணக்கிலிருந்து கழியாது. ‘ஆக்டிவ்’ என்று மாற்றினால்தான் கழியும். மாற்றிய பிறகு வரும் டேட்டாவுக்கு மட்டுமே அது பொருந்தும், பழையதைத் திருத்தாது. எங்கள் ஆறு வாரமும் அப்படியே அழுக்காக நிற்கிறது.

ஆக்டிவ் ஆக்கியும் நாங்கள் திறந்தது, இந்த நேரத்து வருகைகளைக் காட்டும் ரியல்டைம் ரிப்போர்ட்டில் தெரிந்துகொண்டே இருந்தது. காரணம் ஐபி முகவரி. நாங்கள் கொடுத்தது புள்ளி வைத்த நான்கு எண்கள் கொண்ட பழைய வகை. எங்கள் இணைப்போ தளத்தை ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி வழியாகத் திறந்துகொண்டிருந்தது. ஐபிவி6 முகவரியின் பின்பாதி கருவிக்குக் கருவி வேறு, அடிக்கடி மாறவும் செய்யும். அதனால் முழு முகவரியையும் கொடுக்காமல், ‘இப்படித் தொடங்கினால்’ என்ற விதியைத் தேர்ந்து முதல் நான்கு தொகுதிகளை மட்டும் கொடுங்கள். முன்பாதியே மாறும் இணைப்பு என்றால் இந்த வழியில் மெனக்கெட வேண்டாம். அலுவலகக் கணினிகளின் ப்ரௌசரில் வருகையை அனலிட்டிக்ஸ் எண்ணாமல் தடுக்க கூகுளே தரும் ஆப்ட்-அவுட் ஆட்-ஆனைப் போட்டுவிடுவது சுலபம். ஒன்று கவனம்: ஆக்டிவ் ஃபில்டர் கழித்த டேட்டா திரும்பக் கிடைக்காது. விதியை அகலமாக எழுதி வாடிக்கையாளரையும் சேர்த்துக் கழித்துவிடாதீர்கள்.

அடுத்த சிக்கல் மகிழ்ச்சி தருவது போலவே வந்தது. வந்த வேகத்தில் திரும்பிப் போகும் செஷன்களின் விகிதமான பவுன்ஸ் ரேட் திடீரென்று பூஜ்யத்தை ஒட்டி இறங்கியது. நல்ல செய்தி போலத் தெரிந்தால் உடனே சந்தேகப்படுங்கள். ஒரு செஷன் 10 விநாடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பேஜ்வியூ (பக்கத் திறப்பு) இருந்தாலோ, கீ ஈவென்ட் (நாமே முக்கியம் என்று குறித்த செயல்) ஒன்று நடந்தாலோ அது ‘எங்கேஜ்டு’. மீதி எல்லாம் பவுன்ஸ். எங்கள் தளத்தில் தீம் ஹெடரில் ஒரு டேக் (அனலிட்டிக்ஸுக்குத் தகவல் அனுப்பும் கோடு வரிகள்) இருந்தது. பிறகு போட்ட ப்ளகின் அதே ஐடியோடு இன்னொன்றைச் சேர்த்திருந்தது. ஒரு பக்கம் திறந்தாலே இரண்டு பேஜ்வியூ. அப்புறம் எவர் வந்தாலும் எங்கேஜ்டுதான். பக்கத்தின் சோர்ஸைத் திறந்து உங்கள் ஐடியைத் தேடுங்கள், டேக்கைச் சோதிக்கும் கூகுளின் டேக் அசிஸ்டென்ட்டையும் ஓட்டிப் பாருங்கள். ஒரு திறப்புக்கு ஒரு பேஜ்வியூதான் போக வேண்டும்.

எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் ரிப்போர்ட்டில் ‘டைரக்ட்’ என்ற வரிசை பெருத்துக் கிடப்பதைப் பார்த்து, எல்லோரும் முகவரியைத் தட்டச்சு செய்து வருகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாத எல்லாமே அங்கேதான் விழும். வாட்ஸ்அப் செய்தி, பிடிஎஃப், க்யூஆர் கோடு, மெயில் ஆப் வழியாக வருகிறவர்களில் பெரும்பாலோர் அதில்தான் சேர்வார்கள். வெளியே அனுப்பும் ஒவ்வொரு லிங்கிலும் யூடிஎம் (எங்கிருந்து வந்தார் என்று சொல்ல லிங்கின் முடிவில் ஒட்டும் குறிப்பு) சோர்ஸ், மீடியம், கேம்பெயின் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே எழுதுங்கள். ஒருமுறை பெரிய எழுத்தில் போட்டால் அது தனி வரியாகப் பிரிந்துவிடும். தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் லிங்கில் மட்டும் யூடிஎம் வேண்டவே வேண்டாம், உண்மையில் எங்கிருந்து வந்தார் என்ற தடயத்தை அது குழப்பிவிடும்.

மறக்காமல் முதல் நாளே செய்ய வேண்டியது: டேட்டாவை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற டேட்டா ரிடென்ஷன் 2 மாதம் என்று இருக்கும், அதை 14 ஆக மாற்றுங்கள். சாதாரண ரிப்போர்ட்டுகளை இது பாதிக்காது. நாமே வேண்டியபடி அமைத்துப் பார்க்கும் எக்ஸ்ப்ளோரேஷனில் போன வருடத்தைத் தேடும்போதுதான் இல்லாதது உறைக்கும். ஒப்பிடும்போது மாதத்தோடு மாதம் வேண்டாம். 28 நாளோடு முந்தைய 28 நாள். இரண்டிலும் சனி, ஞாயிறு சமமாக வரும்.

சின்னத் தொழிலுக்கு முக்கியமான எண் தொலைபேசி பட்டனை எத்தனை பேர் தட்டினார்கள் என்பது. அனலிட்டிக்ஸின் என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட் வசதி, வெளித்தள லிங்குகளில் விழும் தட்டல்களைத் தானாக எண்ணும். ‘டெல்’ என்று தொடங்கும் தொலைபேசி லிங்கில் விழுவதை எண்ணாது. டேக்குகளைக் கையாளும் கூகுளின் டேக் மேனேஜரில் லிங்க் க்ளிக் ட்ரிகர் (லிங்கைத் தட்டினால் டேக்கை இயக்கும் விதி) ஒன்றை உருவாக்கி, க்ளிக் யூஆர்எல் ‘டெல்’ என்று தொடங்க வேண்டும் என்று நிபந்தனை வைத்து, ஓர் ஈவென்ட்டை (நடந்த செயலின் பதிவை) அனுப்பச் செய்தோம். பிறகு அட்மினில் அதைக் கீ ஈவென்ட்டாகக் குறித்தோம். 2024 வரை இதற்குக் கன்வெர்ஷன் என்று பெயர். சோதித்துப் பார்த்தபோது ஒன்றும் பதிவாகவில்லை. டேக்கை மூன்று முறை கலைத்துப் போட்ட பிறகுதான் உறைத்தது: இப்போது ஃபில்டர் சரியாக வேலை செய்கிறது, அலுவலக வைஃபையில் இருந்து தட்டினால் எப்படித் தெரியும்? வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பட்டனைத் தட்டினோம். ரியல்டைமில் ஒன்று ஏறியது.