முதலில் கதவைப் பாருங்கள்

போன வாரம் அக்கா மகன் கைப்பேசியில் ஒரு பழைய செய்தியை எடுத்துக் காட்டினான். 2024 ஜூன் 28 அன்று விசாகப்பட்டினத்தில், ஐஎன்எஸ் டேகா விமானத் தளத்தில், யுஹெச்-3ஹெச் ஹெலிகாப்டர்களுக்கு விடை கொடுத்த படம். "மாமா, நீங்க வேலை பார்த்தது இதுலதானே? இதுல எத்தனை மிசைல் போகும்?" என்று கேட்டான்.

ஒன்றுகூடப் போகாது என்றேன். அவன் முகம் சுருங்கிப்போனது. அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கடற்படையின் விமானப் பிரிவில் 20 ஆண்டுகள் மெக்கானிக்காக இருந்தேன். முதலில் மும்பையில் சீ கிங் 42சி ஹெலிகாப்டர், அப்புறம் விசாகப்பட்டினத்தில் இந்த யுஹெச்-3ஹெச். இதுவும் ஒரு சீ கிங்தான், அமெரிக்க வகை. நீர்மூழ்கியைத் தேடுவதற்கென்று 42பி என்று ஒரு சீ கிங் உண்டு. ஒலியால் நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் சோனார், நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் டார்பிடோ, கப்பலை அடிக்கும் சீ ஈகிள் ஏவுகணை எல்லாம் அதில் போகும். 42சி வேறு மாதிரி. இங்கிலாந்தின் வெஸ்ட்லண்ட் நிறுவனம் 1980களில் நமக்குச் செய்து கொடுத்தது. பின்பக்கத்தை முழுக்கக் காலி செய்து ஆள் உட்கார இடம் விட்டிருப்பார்கள். படைவீரர்களைக் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுபோய் இறக்குவதுதான் அதன் வேலை.

புத்தகக் கணக்குப்படி 28 வீரர்கள். நான் பார்த்தவரை அந்த எண்ணிக்கையோடு பறந்தது குறைவு. துப்பாக்கி, குண்டு, தண்ணீர், முதுகுப் பை எல்லாம் சேர்த்தால் ஒரு வீரர் 100 கிலோவைத் தாண்டிவிடுவார். 28 பேர் என்றால் மூன்று டன்னுக்குக் குறையாது. எரிபொருளும் சேர்ந்து மொத்த எடை பத்து டன்னுக்குள் நிற்க வேண்டும். மே மாதப் பகலில், காற்று சூடாகி அடர்த்தி குறைந்திருக்கும்போது, ரோட்டர் தூக்குகிற எடையும் குறையும், இன்ஜின் தருகிற சக்தியும் குறையும். தூரம் அதிகமென்றால் எரிபொருளைக் கூட்டி ஆளைக் குறைக்க வேண்டும். பைலட்டுகள் பறப்பதற்கு முன் உட்கார்ந்து போடும் கணக்கே இதுதான்.

சரி, ஆளை ஏற்றியாயிற்று, கரைக்கும் வந்தாயிற்று. அடுத்து இறங்க வேண்டுமே. சீ கிங்கில் வீரர்கள் இறங்குவது வலப்பக்கம் பின்னால் உள்ள ஒரே இழுகதவு வழியாக. இடப்பக்கம் முன்னால் படிக்கட்டோடு ஒரு சின்னக் கதவு உண்டு, அது விமானக் குழுவுக்கு. நம் நாட்டில் கடலிலிருந்து கரையிறங்கும் வேலையைத் தரைப்படையின் சில படைப்பிரிவுகள்தான் செய்கின்றன. அவர்கள் பயிற்சிக்காகக் கப்பலுக்கு வந்து ஏறும்போது முதல் நாள் பாதிப் பேருக்கு வாந்தி. அதைப் பொருட்படுத்தாமல் தளத்திலேயே, ரோட்டர் சுற்றாத ஹெலிகாப்டரில், ஏறி இறங்கிப் பழகுவார்கள்.

ஒருமுறை மூன்றாவதாக இறங்கியவரின் பை வார் கதவின் தடத்தில் மாட்டிக்கொண்டது. அவர் இழுக்கிறார், வரவில்லை. பின்னால் இருபது பேர் குனிந்தபடி நிற்கிறார்கள். அவர்களுடைய சுபேதார் கையில் ஸ்டாப் வாட்ச். வாரை விடுவிக்க எத்தனை விநாடி ஆனது என்று இப்போது நினைவில்லை, ஆனால் எல்லோரும் ஒரே சமயத்தில் கரையை நினைத்துப் பார்த்தது அந்த முகங்களில் தெரிந்தது. கரையில் நிற்கும் ஹெலிகாப்டரைப் போலச் சுலபமான இலக்கு வேறு இல்லை. மறுநாளிலிருந்து பையை முதுகில் மாட்டாமல் மடியில் வைத்து, அதை முதலில் வெளியே தள்ளிவிட்டு இறங்கினார்கள். நாங்கள் கதவின் தடத்தில் துருத்திக்கொண்டிருந்த இடங்களையெல்லாம் டேப் போட்டு மூடினோம். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

இந்த வேலைக்கு ஒரு தொடக்க நாள் உண்டு. 1956 நவம்பர் 6. சூயஸ் போரில், எகிப்தின் போர்ட் சயீத் கரையில், ஓஷன், தீசியஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் விமானந்தாங்கிகளிலிருந்து '45 கமாண்டோ' என்ற பெயருள்ள படைப்பிரிவை ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். விர்ல்விண்ட், சிகமோர் என்ற சின்ன ஹெலிகாப்டர்கள். எடையைக் குறைக்க இருக்கைகளைக் கழற்றிவிட்டு வீரர்களைத் தரையிலேயே உட்கார வைத்தார்கள். சிகமோரில் மூன்றே பேர். அப்படியும் சுமார் 400 பேரையும் 23 டன் சரக்கையும் ஒன்றரை மணி நேரத்துக்குள் கரையில் சேர்த்துவிட்டார்கள். போரில் கப்பலிலிருந்து ஹெலிகாப்டர் வழியாக நடந்த முதல் படையிறக்கம் அதுதான். அந்தப் போர் நியாயமா என்பது வேறு பேச்சு. ஹெலிகாப்டர்களைத் தயார் செய்த தரைக் குழுவினரின் வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

சோவியத்காரர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். 1980களில் படையில் சேர்ந்த அவர்களுடைய கேஏ-29, 16 வீரர்களைத்தான் ஏற்றும். ஆனால் மூக்கில் நான்கு குழல் இயந்திரத் துப்பாக்கி, பக்கவாட்டில் ராக்கெட்டும் டாங்கி எதிர்ப்பு ஏவுகணையும், விமானி அறையைச் சுற்றிக் கவசம். தன் வழியைத் தானே சுத்தம் செய்துகொண்டு ஆளை இறக்க வேண்டும் என்பது எண்ணம். அதைச் சுமந்த இவான் ரோகோவ் வகைக் கப்பலில் நான்கு ஹெலிகாப்டர்கள் நிற்கும், பக்கத்தில் விமானந்தாங்கி இருக்கும் என்ற உறுதி கிடையாது. அந்த நிலையில் எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஒன்றின்மேல் ஒன்றாக எதிரெதிர் திசையில் சுற்றும் இரண்டு ரோட்டர் என்பதால் வால் ரோட்டரே கிடையாது, கப்பல் தளத்தில் அது பெரிய நிம்மதி. நம் கடற்படையின் கேஏ-31 ரேடார் ஹெலிகாப்டர் இதே கேஏ-29இலிருந்து வந்ததுதான்.

ஆனால் எந்த ஹெலிகாப்டரானாலும் அதன் பெரிய எதிரி உப்பு. கடல் மேல் தாழப் பறந்து வந்தால் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் பிளேடுகளில் உப்பு படியும். படிந்தால் சக்தி குறையும், அரிக்கும். பறந்து வந்ததும் இன்ஜினுக்குள் நல்ல தண்ணீர் செலுத்திக் கழுவுவோம், அப்புறம் உடம்பு முழுக்க. எங்கள் சீஃப் ஒருவர், கேரளாக்காரர், கழுவி முடித்ததும் வால் பக்கம் போய் விரலால் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரித்தால் ஒன்றும் சொல்லமாட்டார், ஹோஸை எடுத்து எங்கள் கையில் கொடுப்பார். அதிகாலை நான்கு மணிக்கும் அப்படித்தான்.

கடைசி வருடங்களில் எனக்கும் கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து தப்பும் பயிற்சி கிடைத்தது. இன்ஜினும் கியர்பாக்ஸும் தலைக்கு மேல் இருப்பதால் தண்ணீரில் விழுந்தால் பெரும்பாலும் தலைகீழாகப் புரளும். குளத்தில் ஒரு கூண்டில் கட்டிவைத்து அப்படியே புரட்டினார்கள். ஒரு கை ஜன்னல் விளிம்பில், ஒரு கை பெல்ட்டில். புரளல் நிற்கும்வரை பெல்ட்டைக் கழற்றக் கூடாது. முதல் தடவை நான் அவசரப்பட்டுக் கழற்றிவிட்டு எது மேல், எது கீழ் என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தேன், முக்குளிப்பவர்தான் இழுத்து வெளியே விட்டார். 1982 மே 19 அன்று ஃபாக்லாந்து போரில், ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு ஆள் மாற்றும்போது ஒரு சீ கிங் கடலில் விழுந்து 22 பேர் இறந்தார்கள். எதிரி சுடவில்லை, தூரமும் அதிகமில்லை. பையோடும் துப்பாக்கியோடும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள். இதை எழுதும்போது அந்தக் குளத்துத் தண்ணீர் மூக்கில் ஏறிய எரிச்சல் நினைவுக்கு வருகிறது.

யுஹெச்-3ஹெச் நமக்கு வந்தது 2007இல், ஜலாஷ்வா என்ற படையிறக்கும் கப்பலோடு, ஆறு எண்ணிக்கை. அமெரிக்கக் கடற்படையில் நீர்மூழ்கி வேட்டைக்குப் பயன்பட்டு, அந்தக் கருவிகளைக் கழற்றிச் சரக்குக்கு மாற்றப்பட்டவை. 'சாரஸ்' என்று கொக்கின் பெயர் வைத்தோம். 42சியின் நோம் இன்ஜினும் இதன் டி-58ம் ஒரே குடும்பம், அதனால் கை உடனே பழகிவிட்டது. ஜலாஷ்வாவைத் தூத்துக்குடிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். 2020 ஜூனில் கொழும்பிலிருந்தும் மாலேயிலிருந்தும் ஆட்களை அங்கே கொண்டுவந்து இறக்கியது அதுதான்.

சாரஸ் போன இடத்துக்கு வந்திருப்பது மீண்டும் பழைய 42சி. புதிதாக வந்த எம்ஹெச்-60ஆர் அருமையான ஹெலிகாப்டர், ஆனால் அது நீர்மூழ்கி வேட்டைக்கு. இத்தனை தீவுகள் உள்ள நாட்டுக்கு, ஆள் சுமக்கிற புது ஹெலிகாப்டர் இப்போதே வேண்டும். 42சியைக் கழுவிக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் பையன்களுக்காகவாவது சீக்கிரம் வர வேண்டும்.

சாரஸ்களில் ஒன்றை, ஐஎன் 621 என்ற எண்ணுள்ளதை, விசாகப்பட்டினத்தில் காட்சிக்கென்று கொடுத்திருக்கிறார்கள். அடுத்த விடுமுறையில் அக்கா மகனை அழைத்துப் போகிறேன். வலப்பக்கம் பின்னால் அந்தக் கதவின் தடத்தை அவனுக்குக் காட்ட வேண்டும்.